உச்சத்தைச் சொன்னால் உரித்துவிடுவார்களா?

தபால்தலை, நாணயம், பழைய கேமரா, மைப்பேனா என்று எதையாவது சேகரிப்பவர்கள் நாலு பேர் கூடினால், இணைய ஏலத்தைப் பற்றி ஒரு பாடம் கட்டாயம் காதில் விழும். 'உன் உச்ச விலையை அந்த மெஷினிடம் சொல்லாதே. சொன்னால் அதுவரைக்கும் இழுத்துக்கொண்டு போய்த்தான் விடும். கடைசி ஐந்து நொடி வரை மூச்சுக் காட்டாமல் இரு, பிறகு ஒரே போடாகப் போடு.' புதிதாக வருகிறவர் இதைக் குருமொழியாக வாங்கிக்கொள்கிறார். பழையவர்கள் தலையாட்டுகிறார்கள். ஈபேயில் ஏலம் கேட்டு நொந்தவர் ஒவ்வொருவரிடமும் சாட்சிக்கு ஒரு கதை இருக்கிறது: ஒரு வாரமாக நான்தான் முன்னால் இருந்தேன், முடியப்போகிற நேரத்தில் எவனோ வந்து தட்டிக்கொண்டு போய்விட்டான்.

இந்தப் பாடம் தவறானது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அதில் உயிர் இருக்கிறது. அந்த இடத்தை அதைச் சொல்லித்தருகிறவர்கள் தொடுவதே இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், குற்றவாளிக் கூண்டில் நிற்கிற இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

ப்ராக்ஸி பிட்டிங் என்று பெரிய பெயர் இருந்தாலும் சங்கதி பழையது. ஏலத்துக்கு நேரில் போக முடியாதவர் மச்சானைக் கூப்பிட்டு, 'எட்டாயிரம் வரை போ, அதற்கு மேல் வாயைத் திறக்காதே' என்று சொல்லி அனுப்புவார். மச்சான் போனதும் எட்டாயிரம் என்று கத்த மாட்டார். எதிராளி இரண்டாயிரம் என்றால் இவர் இரண்டாயிரத்து நூறு என்பார். எதிராளி அங்கேயே நின்றுவிட்டால் ஏலம் முடிந்தது, மிச்சப் பணம் வீடு திரும்பும். 1744இல் தொடங்கிய சோதபீஸ், 1766இல் தொடங்கிய கிறிஸ்டீஸ் போன்ற ஏல நிறுவனங்களில், வர முடியாத வாடிக்கையாளர் எழுதிக்கொடுத்த வரம்பைக் குறித்துவைத்துக்கொண்டு ஏலக்காரரே அவர் சார்பில் கேட்பது நெடுநாள் வழக்கம். 1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் தொடங்கி, 1997இல் ஈபே என்று பெயர் மாறிய தளம் அந்த வேலையை மென்பொருளிடம் கொடுத்தது. அவ்வளவுதான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பழைய ஜெர்மன் பேனா, தொடக்க விலை 10 டாலர். நீங்கள் 80 என்று உச்சத்தைப் பதிகிறீர்கள். திரையில் தெரிவது 10 மட்டுமே. இன்னொருவர் வருகிறார், 30 என்கிறார். விலை 31 ஆகிறது, முன்னால் நிற்பது நீங்கள்தான். ஈபேயின் அட்டவணைப்படி 25 டாலரிலிருந்து 99.99 வரை ஒரு படி என்பது 1 டாலர். நூறைத் தாண்டினால் 2.50, இருநூற்றைம்பதைத் தாண்டினால் 5. அவர் விடவில்லை, 45 என்கிறார், 46 ஆகிறது. 60 என்கிறார், 61 ஆகிறது. அத்தோடு அலுத்துப் போய்விடுகிறார். நீங்கள் சாயங்காலம் வந்து பார்க்கும்போது பத்தில் இருந்த பேனா அறுபத்தொன்றில் நிற்கிறது. 'பார்த்தாயா, மெஷின் ஏற்றிவிட்டது!'

ஏற்றியது மெஷினா? அந்த மனிதர் வரவில்லை என்றால் பேனாவைப் பத்து டாலருக்கு வாங்கியிருப்பீர்கள். அவர் அறுபது தர ஆயத்தமாக இருந்தார், அதனால் அறுபத்தொன்று ஆயிற்று. உங்கள் 80 இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? எண்பதுக்குப் பதில் 500 என்று பதிந்திருந்தாலும் விலை அதே 61தான். வென்றவர் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதை நிர்ணயிக்கிறவர், தோற்றவர்களில் முதல் ஆள். வென்றவர் சொன்ன எண் அவர் வென்றாரா இல்லையா என்பதை மட்டும் சொல்கிறது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் பாதி வழக்கு தள்ளுபடியாகிவிடும்.

பதியாதவர்களுக்காக இன்னொரு வழியில் சொல்கிறேன். பேனா உங்களுக்கு 80 பெறும், ஆனால் உஷாராக 60 என்று பதிகிறீர்கள். எதிராளியின் உச்சம் 50 என்றால், 80 சொல்லியிருந்தாலும் 60 சொல்லியிருந்தாலும் நீங்கள் கொடுப்பது 51. எதிராளி 90 வரை போவார் என்றால் இரண்டிலும் தோல்வி. எதிராளி 70இல் நிற்பவர் என்றால்? எண்பது பெறும் பொருளை 71க்கு வாங்கியிருக்கலாம், உஷாரால் கோட்டை விட்டீர்கள். குறைத்துச் சொன்னதால் ஒரு பைசா மிச்சமான நிலை ஒன்றுகூட இதில் இல்லை. வில்லியம் விக்ரி என்ற கொலம்பியா பல்கலைப் பொருளியலாளர் 1961இல் எழுதிய கட்டுரையின் ஒரு கிளை இதுதான். 1996 அக்டோபரில் அவருக்கு நோபல் அறிவித்தார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனார். அவரது கணக்கு உலகம் முழுக்கத் தினமும் ஓட ஆரம்பித்த காலம் அது.

தபால்தலைக்காரர்கள் இதில் விக்ரிக்கும் மூத்தவர்கள். 1893இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்தாம்ப்டன் என்ற ஊரிலிருந்து தபால்வழித் தபால்தலை ஏலம் ஒன்று நடந்தது. அதன் விதி: அதிகம் எழுதி அனுப்பியவருக்குப் பொருள், ஆனால் விலை இரண்டாவது ஆளின் தொகைக்கு மேல் 1 முதல் 10 சென்ட் மட்டும். இதைத் தோண்டியெடுத்து எழுதியவர் டேவிட் லக்கிங்-ரெய்லி என்ற பொருளியலாளர். நம் தபால்தலை நண்பர்கள் எந்த முறையைச் சூது என்கிறார்களோ, அது அவர்களுடைய முப்பாட்டன் சொத்து.

சரி, கடைசி நொடிக்காரருக்கு வருவோம். ஸ்னைப்பர் என்று அவருக்குப் பட்டம். ஏலம் முடிய ஐந்து நொடி இருக்கும்போது நுழைகிறார், 200 என்று பதிகிறார். விலை 61இலிருந்து 81க்குத் தாவுகிறது, பேனா அவருக்குப் போகிறது. உங்களுக்கு வயிறு எரிகிறது. நியாயம்தான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அதே ஆள் அதே 200ஐ முதல் நாளே பதிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் நாளே 81 ஆகியிருக்கும், முதல் நாளே தோற்றிருப்பீர்கள். ஒரு வார நம்பிக்கை மிச்சமாகியிருக்கும் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு பதில் வரும்: 'எண்பத்தொன்றுதானே? தெரிந்திருந்தால் நான் 90 வரை போயிருப்பேனே!'

அப்படியானால் ஏன் 80 என்று சொன்னீர்கள்? வழக்கின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. உச்சம் எவ்வளவு என்று கேட்டபோது உச்சத்தைச் சொல்லவில்லை, ஆசையைச் சொன்னீர்கள். கடையில் பேரம் பேசியே பழகியவருக்கு முதலில் சொல்லும் எண் உண்மையாக இருக்கக்கூடாது என்பது சுபாவமாகிவிட்டது. கடைக்காரரிடம் அது சரி. இங்கே அந்தப் பழக்கம் நம்மையே குத்துகிறது, ஏனென்றால் இங்கே நாம் சொல்லும் எண் விலையாகப் போவதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தொண்ணூறு பதிந்திருந்தாலும் அந்த 200காரர் 91க்கு வாங்கியிருப்பார் என்பது தனிக் கதை. அப்போது நீங்கள் 95 வரை போயிருப்பேன் என்பீர்கள்.

தோற்ற ஸ்னைப்பருக்குக் கதை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கடைசி ஐந்து நொடியில் வந்து 70 பதிந்தவர் என்ன ஆனார்? விலை 71 ஆகியது, நீங்கள் வென்றீர்கள், அவர் பேசாமல் போய்விட்டார். நீங்களும் 'கடைசியில் எவனோ பத்து டாலர் ஏற்றிவிட்டான்' என்று சபித்துவிட்டு மறந்துவிட்டீர்கள். நினைவில் நிற்பவை நம்மை வீழ்த்தியவை மட்டுமே. சேகரிப்பாளர் வட்டத்துக் கதைகள் அத்தனையும் இந்தச் சல்லடையில் சலித்து வந்தவை.

ஆராய்ச்சி செய்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஆல்வின் ராத், பின்னாளில் 2012இல் நோபல் பெற்றவர், ஆக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் என்ற ஜெர்மானியருடன் சேர்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போது அமேசானும் ஏலம் நடத்திக்கொண்டிருந்தது. ஈபே, அமேசான் இரண்டிலுமே ப்ராக்ஸி பிட்டிங் உண்டு. வித்தியாசம் கடிகாரத்தில். ஈபே ஏலம் குறித்த நொடியில் டக்கென்று முடியும். அமேசானில் முடிகிற நேரத்துக்கு முந்தைய பத்து நிமிடத்துக்குள் ஒரு ஏலக் கேள்வி வந்தால் ஏலம் நீளும், பத்து நிமிடம் யாரும் வாய் திறக்காதவரை மூடாது. இவர்கள் கணினி, பழம்பொருள் என்று இரண்டு வகை ஏலங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஈபேயில் கணினி ஏலங்களில் 40 சதவீதத்திலும் பழம்பொருள் ஏலங்களில் 59 சதவீதத்திலும் கடைசிக் கேள்வி கடைசி ஐந்து நிமிடத்துக்குள் வந்தது. அமேசானில் இரண்டு வகையிலும் ஏறக்குறைய 3 சதவீதம். இன்னொன்று: ஈபேயில் அனுபவம் கூடக் கூட ஆட்கள் தாமதமாகக் கேட்டார்கள், அமேசானில் அனுபவம் கூடக் கூட முன்னதாகக் கேட்டார்கள்.

நம்மூர் வங்கிகள் கடன் கட்டாதவர் வீட்டை இணையத்தில் ஏலம் விடும் அறிவிப்புகளைப் படித்தால், கடைசி ஐந்து நிமிடத்தில் கேள்வி வந்தால் இன்னும் ஐந்து நிமிடம் நீட்டிப்பு என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அங்கே ஐந்து நொடிச் சாகசத்துக்கு வேலையில்லை. ஆக, கடைசி நொடிப் பழக்கத்தைப் பெற்றெடுத்தது கடிகாரம். பதிலாளாக நின்று கேட்கும் மென்பொருள் ஈபே, அமேசான் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான் என்றபோது, ஒரு வீட்டில் நடக்கும் திருட்டுக்கு அதன்மேல் பழிபோடுவது என்ன நியாயம்?

கடைசி நொடிக் கட்சிக்காரருக்கு இங்கே ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அவர் எடுக்காவிட்டால் நானே எடுத்துக்கொடுக்கிறேன். கணினி ஏலத்தைவிடப் பழம்பொருள் ஏலத்தில் தாமதம் ஏன் அதிகம்? பழம்பொருளில் கேட்கிற ஆளே ஒரு தகவல். விவரம் தெரிந்த வியாபாரி ஒருவர் ஒரு கடிகாரத்துக்குக் கை தூக்கினார் என்றால், தெரியாத பத்துப் பேர் 'அவர் கேட்கிறார், ஏதோ இருக்கிறது' என்று பின்னால் வருவார்கள். தன் அறிவைத் தானமாகக் கொடுக்க விரும்பாத வியாபாரி கடைசிவரை ஒளிந்திருப்பது புத்திசாலித்தனமே. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் ஒளிப்பது தன் உச்சத் தொகையை அல்ல, தான் வந்திருப்பதை. உச்சத்தை மெஷின் யாருக்கும் காட்டுவதில்லை. ஏலம் முடிந்த பிறகுகூட வென்றவரின் உச்சம் வரலாற்றுப் பட்டியலில் வராது, தோற்றவர்களுடையதுதான் வரும். ஈபே இப்போது கேட்பவர் பெயர்களை எழுத்து மறைத்துக் காட்டுவதால் இந்த வாதத்தின் கூரும் முன்போல் இல்லை. அதோடு, இதைச் சொல்கிற உரிமை விவரம் தெரிந்த வியாபாரிக்கு உண்டு. முந்தாநாள் சேகரிக்கத் தொடங்கியவர் கை தூக்கினால் பின்னால் வரப்போவது யார்?

இன்னொரு வகை ஆளுக்கு எதிராகவும் தாமதம் பலிக்கும். எண்பது பெறும் என்று தெரிந்தும் 30, 45, 60 என்று படிப்படியாக ஏறுகிறவர் இருக்கிறாரே, அவருக்கு மறுபடி ஏறுவதற்கு நேரம் கொடுக்காமல் முடித்துவிடலாம். ஆனால் அந்த ஆள் யார்? 'உச்சத்தைச் சொல்லாதே' என்ற பாடத்தை நம்பியவர்! பாடத்தைக் கேட்டவர்களை வீழ்த்துவதற்கு மட்டுமே பாடம் பலிக்கிறது.

சரி, மொத்தத்தில் எவ்வளவு மிச்சமாகிறது? ஜெஃப்ரி ஈலியும் தன்ஜிம் ஹொசைனும் புதுப்பட டிவிடி ஏலங்களில் தாங்களே ஏலம் கேட்டுச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள்: கடைசி நொடியில் கேட்டதற்கு லாபம் இருந்தது, ஆனால் சிறிய லாபம். ஒரே மாதிரிப் பொருள்களை இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றில் முன்னதாகவும் மற்றதில் கடைசியிலும் கேட்டுப் பார்த்த வேறொரு சோதனையில், வித்தியாசத்தைத் தற்செயலிலிருந்து பிரித்துச் சொல்லவே முடியவில்லை. இதற்காகத்தான் அமெரிக்கக் கிழக்குக் கரையின் ராத்திரி ஒன்பது மணிக்குச் சரியாக, சென்னையில் விடியலில் அலாரம் வைத்து எழுந்து உட்கார்கிறார்கள். இணையம் ஒரு நொடி திணறினால் அதுவும் போச்சு.

அலாரம் வைக்க மனமில்லாதவர் ஸ்னைப்பிங் மென்பொருளை வைத்துக்கொள்கிறார். இதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு அடக்க முடிவதில்லை. அந்த மென்பொருள் வேலை செய்ய உங்கள் ஈபே கணக்குக்குள் அதை நுழையவிடவேண்டும், பிறகு அதனிடம் ஓர் எண்ணைச் சொல்லவேண்டும். என்ன எண்? உங்கள் உச்ச விலை! ஏலத் தளத்திடம் உச்சத்தைச் சொல்லப் பயந்தவர், முகம் தெரியாத மூன்றாமவரிடம் உச்சத்தோடு வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். ப்ராக்ஸியை வெறுத்து ஓடியவர் போய்ச் சேர்ந்த இடமும் ஒரு ப்ராக்ஸிதான். அவர் அங்கே சில சமயம் நன்றாகச் செய்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணத்தை நான் சந்தேகிக்கிறேன்: முன்கூட்டியே ஓர் எண்ணைத் தீர்மானிக்க அது அவரைக் கட்டாயப்படுத்துகிறது. நடுவில் சூடேறி மனம் மாற இடமில்லை.

இதையெல்லாம் சொன்னால், எதிர்க்கட்சியில் சேர்த்துவிடுவார்கள். 'உண்மை விலையைப் பதி, போய்த் தூங்கு' என்கிற பொருளியல் வாத்தியார்களின் கட்சி. அவர்களும் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள். வாராவாரம் ஏலத்துக்கு வருகிற பேனாவுக்கு என் உச்சம் எது? அது எனக்கு எவ்வளவு பெறும் என்பது மட்டும் கணக்கல்ல, அடுத்த வாரம் இன்னொன்று எவ்வளவுக்குக் கிடைக்கும் என்பதும் கணக்கு. எண்பது பெறும் பேனாவுக்கு 65 பதிவது அப்போது கஞ்சத்தனமாகாது, காத்திருக்கத் தெரிந்தவரின் உண்மை எண்ணே அதுதான். வேறெங்கும் கிடைக்காத ஒற்றைப் பொருளுக்கு இந்தத் தள்ளுபடி செல்லாது.

பிரிக்காத தபால்தலைப் பெட்டி மாதிரியான பொருள் வேறு ரகம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் ஊகிக்கிறார்கள், அதிகம் ஊகித்தவர் வெல்கிறார். வென்றதே அவர் தப்பாக ஊகித்தார் என்பதற்கு அடையாளம். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் குத்தகை எடுத்த நிறுவனங்கள் ஏன் எதிர்பார்த்த லாபம் பார்க்கவில்லை என்று 1971இல் கேப்பன், கிளாப், கேம்பெல் என்ற மூன்று பொறியாளர்கள் இதைத்தான் எழுதினார்கள். பெட்டிக்கு உச்சம் குறிக்கும்போது முதலில் தோன்றிய எண்ணைக் கணிசமாக வெட்டத்தான் வேண்டும். ஆனால் கவனியுங்கள், இவை எல்லாம் எண்ணை எப்படிப் போடுவது என்ற கேள்விகள். போட்ட எண்ணை யாரிடம் மறைப்பது என்ற கேள்வி இதில் எங்கேயும் எழவில்லை.

'தளத்துக்கு விற்ற விலையில் கமிஷன், அதனால் விலையை ஏற்றுவதற்காகவே இந்த ஏற்பாடு' என்று ஒரு குற்றச்சாட்டு மிச்சம் இருக்கிறது. கமிஷன் உண்மை. ஆனால் இதே ஏற்பாட்டின்மேல் நேரெதிர்ப் புகாரும் வந்திருக்கிறது. 1990இல் நியூசிலாந்து அரசு அலைக்கற்றையை இரண்டாவது விலை முறையில், மூடிய உறைகளில் ஏலம் விட்டது. ஓர் இடத்தில் 1,00,000 நியூசிலாந்து டாலர் எழுதிக்கொடுத்த நிறுவனம் கட்டிய பணம் 6 டாலர், இரண்டாவது ஆள் எழுதியது அவ்வளவுதான். இன்னொன்றில் 70 லட்சம் எழுதியவர் கட்டியது 5,000. அந்நாட்டு மக்களுக்கு வந்த கோபம், உச்சத்தைச் சொன்னவரை உரித்துவிட்டார்கள் என்பதல்ல. உச்சத்தைச் சொன்னவர் கொள்ளை மலிவாகத் தப்பிவிட்டார் என்பதே. உண்மையில் விற்பவரின் பயம்தான் இந்த முறைக்குப் பொருத்தமான பயம். கூகுள் தன் விளம்பர மேலாளர் தளத்தில் 2019இல் இரண்டாவது விலையைக் கைவிட்டு, சொன்ன விலையையே வாங்கும் முறைக்கு மாறியது. உடனே விளம்பரதாரர்கள் சொல்லும் எண்ணைக் குறைக்கக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். பேரம் பேசும் புத்தி அங்கே செல்லும். அந்தப் புத்தியை ஈபேக்குக் கொண்டுவருவதுதான் பிழை.

இப்போது நான் தள்ளிவைத்த அந்த ஒரு இடம்.

1797இல் கவிஞர் கதே 'ஹெர்மனும் டோரோதேயாவும்' என்ற நெடும்பாட்டை ஃபீவெக் என்ற பெர்லின் பதிப்பாளருக்கு விற்க ஒரு விசித்திர ஏற்பாடு செய்தார். தான் விரும்பும் விலையை எழுதி, உறையில் மூடி, பட்டிகர் என்பவரிடம் கொடுத்துவைத்தார். பதிப்பாளர் தன் விலையைச் சொல்லவேண்டும். உறைக்குள் இருப்பதைவிடக் குறைவென்றால் பேச்சு முறிந்தது. கூடுதலென்றால் உறைக்குள் இருக்கும் விலையை மட்டும் கொடுத்தால் போதும். பதிப்பாளர் மனதுக்குள் அந்த நூலை எவ்வளவுக்கு மதிக்கிறார் என்று தெரிந்துகொள்ள கதே போட்ட திட்டம் இது, விக்ரிக்கு 164 ஆண்டு முந்தியது. உறைக்குள் இருந்தது 1,000 தாலர். பதிப்பாளர் சொன்னதும் அச்சு அசலாக 1,000 தாலர். பட்டிகர் காதோடு காதாகச் சொல்லிவிட்டார்.

முறையில் ஓட்டை இல்லை. உறையை வைத்திருந்தவரிடம் இருந்தது. ரகசியத்தைக் காப்பவர் நேர்மையாக இல்லாவிட்டால் இந்த முறை ஒரு நொடி நிற்காது. தபால்வழி ஏலங்களிலும் இந்தப் பயம் இருந்தது: ஏலக்காரர் உறைகளைப் பிரித்துப் பார்த்து, இல்லாத இரண்டாவது ஆளை உருவாக்கிவிட்டால்? ஈபேயில் அந்த இல்லாத ஆளுக்கு உடம்பே உண்டு. விற்பவரே வேறு பெயரில் வந்து, அல்லது கூட்டாளியை அனுப்பி, தன் பொருளுக்குத் தானே கேட்பது. 2000 மே மாதம் 25 சென்ட்டில் தொடங்கிய ஓர் ஓவியம், ரிச்சர்ட் டீபன்கார்ன் வரைந்ததாக இருக்கலாம் என்ற நப்பாசையில், 1,35,805 டாலருக்குப் போனது. விற்றவரே அதில் ஏலம் கேட்டிருந்தார் என்று தெரிந்து ஈபே விற்பனையை ரத்து செய்தது. மறு ஆண்டு அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. ஓவியமும் டீபன்கார்னுடையது இல்லை.

இதில் ப்ராக்ஸி முறைக்குப் பங்கில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. விதியில் ஒரு சிறு விரிசல் இருக்கிறது. வென்றவர் கொடுப்பது இரண்டாவது ஆளின் தொகை, அதன்மேல் ஒரு படி என்றேன். இரண்டு உச்சங்களுக்கும் நடுவே ஒரு படிக்குக் குறைவான இடைவெளி இருந்தால்? அப்போது விலை வென்றவரின் உச்சத்திலேயே நின்றுவிடும். நம் பேனாவுக்கு வருவோம். கள்ள ஆள் 75 பதிகிறார், திரை 76 காட்டுகிறது. முழுப் படி ஏறியது, ஆகவே எதிராளியிடம் இன்னும் இருக்கிறது. 77 பதிகிறார், 78. 79.50 பதிகிறார். 80.50 காட்டவேண்டிய திரை 80 காட்டுகிறது. அரைப் படியில் நின்றுவிட்டது. எதிராளியின் உச்சம் எண்பது, முழுக்கக் கறந்தாயிற்று, இதற்குமேல் ஒரு சென்ட் கேட்டாலும் பொருள் நம் தலையில் விழும் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நிறுத்திக்கொள்கிறார். மனிதர்கள் பெரும்பாலும் முழு எண்ணில்தான் உச்சம் பதிகிறார்கள் என்பது அவருக்கு இன்னும் வசதி. எங்கல்பர்க், வில்லியம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009இல் இந்தத் தந்திரத்தை விவரித்து, ஈபேயின் ப்ராக்ஸி முறை கள்ள ஏலத்துக்குக் கொடுத்த உரிமம் என்ற பொருளில் தலைப்பே வைத்தார்கள்.

இதற்கு எதிராக, கடைசி ஐந்து நொடி வரை உச்சத்தைப் பதியாமல் இருப்பது நல்ல தற்காப்பு. முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். துழாவுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் துழாவ முடியாது. ஆனால் கடைசி நொடிக் கட்சியில் எத்தனை பேர் இந்தக் காரணத்தைச் சொல்கிறார்கள்? அவர்கள் சொல்வது மெஷின் இழுக்கும் என்பது, எவனோ தட்டிப்போவான் என்பது, உச்சம் என்பது மறைக்கவேண்டிய பொருள் என்பது. நேர்மையான விற்பவரிடம் இவை மூன்றும் பொய். கள்ள விற்பவரிடமும், உண்மை உச்சத்தைப் பதிந்தவருக்கு நேரும் அதிகபட்ச நஷ்டம் அவர் தர ஒப்புக்கொண்ட தொகையே. ஏமாற்றப்பட்டார், சந்தேகமில்லை, மலிவாகக் கிடைத்திருக்கவேண்டிய பொருளுக்கு முழு விலை கொடுத்தார். ஆனால் 80 என்று பதிந்துவிட்டு மனதில் 200 வைத்திருந்தவரைக் கள்ள ஆள் எங்கே கொண்டுபோய் நிறுத்துவார் என்று பாருங்கள். 80 தாண்டியதும் அவர் மறுபடி வந்து 100 பதிவார், பிறகு 130. ஒவ்வொரு தடவையும் வரம்பைத் தானே தூக்கிக் கொடுப்பார். படிப்படியாக ஏறுகிறவர்தான் கள்ள ஏலத்துக்குக் கிடைத்த கறவைப் பசு.

விரிசலை அடைக்க என்ன வேண்டும்? பெரிய வேலையில்லை. படியைக் கூட்டாமல், இரண்டாவது ஆள் சொன்ன தொகையையே விலையாக வைக்கலாம். 75க்கு 75, 79.50க்கு 79.50. திரை ஒருபோதும் அரைப் படியில் நிற்காது, உச்சம் எங்கே என்று எட்டிப் பார்க்க முடியாது. துழாவுகிறவர் இருட்டில் துழாவட்டும், ஒரு நாள் தன் பொருளைத் தானே ஏலம் எடுத்துக் கட்டணமும் கட்டட்டும். முடிகிற நேரத்துக்கு நீட்டிப்பு வைத்தால் அலாரமும் வேண்டியதில்லை. உச்சத்தைத் தாண்டிப் பார்த்துவிட்டுக் கேள்வியைத் திரும்பப் பெறுகிறவர்கள்மேல், தொகையைத் தவறாக அடித்துவிட்டேன் என்ற ஒரே சாக்கைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள்மேல், கண் வைக்கலாம். ஏலத் தளத்திடம் கேட்கவேண்டியவை இவை. இப்படி ஒரு மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது.